கூடை போன ஊர்

புனித ரோக் திருநாள் வந்தால், அந்த ஆஸ்பத்திரி பிறந்த கதையை நோயாளிகளே நாடகம் போட்டுக் காட்டுவார்கள். வருடா வருடம் அதே கதைதான். வெள்ளை அங்கி போட்ட நான்கு சிஸ்டர்கள் ஆளில்லாத தீவில் பாய்மரப் படகிலிருந்து இறங்குவார்கள். கையில் சிலுவை, பெட்டி நிறையப் பஞ்சும் கட்டுத்துணியும். ஊர் ஊராய் விரட்டப்பட்ட குஷ்டரோகிகளை அணைத்துக்கொள்வார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாட்டு. பிஷப் வந்திருந்தால் பாட்டு இரண்டு முறை.

நாடகத்தில் ஏறாத சமாச்சாரங்களும் உண்டு. அணைக்கப்பட்டவர்களில் பாதிப் பேரைப் போலீஸ்காரர்கள் கையைக் கட்டிக் கொண்டுவந்துதான் இறக்கினார்கள். அதை யாரும் நடிப்பதில்லை. யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் சிஸ்டர்களைப் பிடித்துக்கொண்டு போனதும், காவலற்ற தீவிலிருந்து நோயாளிகள் ஆசை ஆசையாய்த் தோணியேறி வீட்டுக்குப் போனார்கள். கடற்கரையிலேயே சொந்த ஊர்க்காரர்கள் கல்லை எடுத்தார்கள். போன வேகத்தில் திரும்பி வந்து, தாங்களே கிழங்கு நட்டு, தாங்களே புண்ணுக்குக் கட்டுப் போட்டு, தாங்களே கோயில் மணியடித்து, சிஸ்டர்கள் மீண்டு வரும்வரை ஆஸ்பத்திரியை நடத்தினார்கள். இதையும் யாரும் நடிப்பதில்லை. பொனிபாஸ் கிழவன் மட்டும் நாடகம் முடிந்த கையோடு பாக்கைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு இதை ஒரு பாட்டம் சொல்லித் தீர்ப்பான்.

“பூட்டு போட்டிருந்தா ஜெயிலுன்னு சொல்லிரலாம். கதவு தொறந்து கெடக்கு, ஆனா போக்கிடம் இல்ல. அதுக்கு என்ன பேரு வைக்கிறது, சொல்லு பாப்போம்?”

“அதான் ஆஸ்பத்திரின்னு வச்சிருக்காங்களே மாமா,” என்பாள் லெமேரி.

லெமேரிக்கு நாடகத்தில் எப்போதும் சிஸ்டர் வேஷம். அவள் முகத்தில் நோய் ஒரு சுவடும் வைக்கவில்லை. இடது கையில் இரண்டு விரல்களை மட்டும் கொண்டுபோய்விட்டது. தீவில் அவளை எல்லோரும் பெர்பெத்துவா என்றுதான் கூப்பிட்டார்கள், ஞானஸ்நானப் பெயர். லெமேரி என்பது லோமகுன் ஊரில் பெற்றவள் வைத்த பெயர். அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட்டவள் தீவில் ஒருத்திதான் இருந்தாள், பக்கத்துக் கட்டில் தெக்லா. அவளும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

லெமேரி தீவுக்கு வந்தபோது சின்னப் பெண், வயிற்றில் பிள்ளை. யுத்தம் முடிந்த புதிது. பிள்ளை இங்கேதான் பிறந்தது. ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு சட்டம்: நோயுள்ள தாய் பிள்ளையைத் தொடக் கூடாது, பால் கொடுக்கக் கூடாது. நல்லதற்குத்தான் என்றார்கள். நல்லதற்குத்தான் என்று சொல்லிச் செய்கிற கொடுமைக்கு மருந்தே கிடையாது. லுட்கெரா சிஸ்டர் பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு கம்பிவலை ஜன்னல் பக்கமாக நடந்தபோது, லெமேரி பார்த்தது ஒரு பாதத்தை. ஒரே ஒரு சிவந்த பாதம். அன்றைக்கே மிஷன் படகில் அது அவள் அண்ணன் தராவ் வீட்டுக்குப் போய்விட்டது.

தராவ் நல்ல அண்ணன்தான். வருடத்துக்கு ஒருமுறை தோணியில் வந்து, இறங்காமல், கடலில் நின்றபடியே கத்துவான். “புள்ள நடக்குது! இசிதோரான்னு பேரு வச்சாச்சு! பல்லு மொளச்சிருச்சு, எல்லாரையும் கடிக்குது!” கரையில் நின்று லெமேரி சிரித்துச் சிரித்து அழுவாள். பிறகு ஒரு வருடம் அவன் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. அண்ணனுக்கு அலுத்துவிட்டது என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அலுக்காதா என்ன? அவளுக்கே அவள் அலுத்துப்போயிருந்தாள்.

அந்த வருடம் நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கவேண்டிய நேரத்தில் லுட்கெரா சிஸ்டர் பூசை முடிந்து எல்லோரையும் உட்காரவைத்தார். சிஸ்டருக்கு இப்போது காது மந்தம், முழங்காலில் வாதம். ஆனாலும் குரல் கணீரென்று இருந்தது.

“மாத்திரை வேலை செஞ்சிருச்சு. உங்க ரத்தத்துல இனிமே நோய் இல்ல. ஆஸ்பத்திரிய மூடுறோம். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.”

பாட்டு ஒன்று கிளம்பும் என்று சிஸ்டர் காத்துக்கொண்டு நின்றார். கடைசியில் பொனிபாஸ்தான் கேட்டான்.

“எந்த வீட்டுக்கு சிஸ்டர்?”

மிஷன் படகு ஊர் ஊராய்ப் போய், உங்கள் ஆளை வந்து அழைத்துப்போங்கள் என்று சொல்லிவிட்டு வந்தது. அழைக்க ஆள் இல்லாதவர்களுக்குப் பெரிய தீவின் டவுனில், அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கொட்டகை. பொனிபாஸ் மறுபேச்சில்லாமல் அதற்குப் பெயர் கொடுத்துவிட்டான். லெமேரி கொடுக்கவில்லை. அவளுக்கு மகள் இருக்கிறாள். குலமும் நிலமும் தாய்வழியில் வருகிற மண் அது. மகளுடைய வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து கிழங்கு சுடுவதற்கு அவளுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது? தலைக்கு எண்ணெய் தேய்த்து, இருந்ததில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, தினமும் படகுத்துறைக்குப் போய் உட்கார்ந்தாள்.

தோணிகள் வந்தன. சிலர் கட்டிப்பிடித்து அழுது அழைத்துப்போனார்கள். சிலர் ஒரு கைத்தடி தூரத்தில் நின்று அழைத்துப்போனார்கள். எப்படியோ போனார்கள். வார்டில் கட்டில்கள் காலியாகிக்கொண்டே வந்தன.

ஒரு பகல் பொழுதில் மோட்டார் வைத்த படகு ஒன்று துறையை நெருங்கியது. ஓட்டிவந்தவன் தலை நரைத்திருந்தது, வயிறு முன்தள்ளியிருந்தது, கழுத்தில் பெரிய மனிதர்கள் போடும் சங்குப் பதக்கம். தராவ்! லெமேரி எழுந்து ஓடினாள்.

அவளைப் பார்த்த மாத்திரத்தில் அவன் முகம் சாம்பல் பூத்துப்போனது. மோட்டாரை நிறுத்தினான். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான்.

“ஏ படகே,” என்றான். “உங்கிட்டதான் பேசுறேன். வேற யாருகிட்டயும் நான் பேசல.”

லெமேரிக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயதிலும் கோபம் வந்தால் அவன் இப்படித்தான், தூணோடு பேசுவான், நாயோடு பேசுவான், அவளோடு மட்டும் பேசமாட்டான்.

“என்ன அண்ணே கோவம்? நீ வராம இருந்ததுக்கு நான்ல கோவப்படணும். திரும்பு இங்கிட்டு.”

“படகே, உங்க ஊர்ப் பொம்பள ஒருத்தி இருக்கா, வந்து கூட்டிட்டுப் போன்னு மிஷன்காரங்க சொன்னாங்க. யாரா இருக்கும்னு பாக்கத்தான் வந்தேன். எனக்கு இங்க இருந்தது ஒரு தங்கச்சி. அவளத்தான் முடிச்சுவச்சாச்சே.”

முடித்துவைத்தாயிற்று. லெமேரி துறைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. செத்தவர்களைப் புதைப்பது பாதி வேலைதான். சில வருடம் பன்றி வளர்த்து, கிழங்கு சேர்த்து, பெண் கொடுத்து எடுக்கிற எதிர்க்குலத்தாரை அழைத்து, மரத்தில் செதுக்கிய உருவத்தின் முன்னால் வைத்துப் பெருவிருந்து போடவேண்டும். அதோடு இறந்தவரின் கணக்கு தீர்ந்தது. அவர் தென்னையை வெட்டுவார்கள், குடிசையை எரிப்பார்கள், பெயரை அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்குக் கொடுப்பார்கள். அழுகையும் அன்றோடு சரி. முடித்துவைக்கப்பட்டவர் திரும்பி வந்தால் அது ஆள் அல்ல. பேச்சுக் கொடுக்கிறவனுக்கு நாக்கு அழுகும்.

“யாரு சொன்னா நான் செத்தேன்னு?”

“கூடை வந்துச்சு படகே. எங்காத்தா பின்னின கூடை. எங்க குலத்துப் பின்னலு. தங்கச்சி போறப்ப கொண்டுபோனது. மிஷன் படகு கொண்டாந்து எறக்கிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் என்ன கேக்கறதுக்கு இருக்கு?”

தீவில் யாராவது இறந்தால் பாயையும் துணியையும் எரித்துவிடுவார்கள். கூடையை மட்டும் கொதிநீரில் அலசிக் காயவைத்து, பின்னலைக் காட்டி எந்த ஊர் என்று விசாரித்து, அந்த ஊருக்கு அனுப்புவார்கள். எழுத்துப் படிக்கிறவர்கள் இல்லாத ஊர்களுக்கு அதுதான் சாவுச் செய்தி. இதெல்லாம் லெமேரிக்கு நன்றாகத் தெரியும். அவளுக்குத் தெரியாமல்போனது ஒன்றுதான். காட்டுக்குள்ளிருந்து பிடித்துவரப்பட்ட தெக்லாவுக்குக் கூடையே கிடையாது. அனுப்ப ஊரும் தெரியாது. வெறுங்கையோடு போறேனே என்று அவள் சாகிற சமயத்தில் புலம்பியபோது, லெமேரி தன் கூடையை எடுத்து அவள் நெஞ்சில் வைத்தாள். “இந்தா, இதுல உன் சாமான வச்சுக்கிட்டுப் போ.” அது தெக்லாவோடு மண்ணுக்குள் போயிருக்கும் என்று அவள் நினைத்தாள். அந்த வருடம் லுட்கெரா சிஸ்டர் தன் நாட்டுக்குப் போயிருந்தார். பதிலுக்கு வந்திருந்த சின்ன சிஸ்டர் சட்டப்படி கூடையை அலசினாள், பின்னலைக் காட்டி ஊரைக் கேட்டாள், அனுப்பிவிட்டாள். லெமேரி தன் கையாலேயே தன்னைக் கொன்றிருக்கிறாள்.

“அது தெக்லா கூடை அண்ணே. நான் குடுத்தது. நான் இருக்கேன். என்னைப் பாரு, உசுரோட நிக்கிறேன்!”

தராவின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று தெரிந்தது. ஆனால் திரும்பவில்லை.

“படகே, கேட்டுக்க. அந்த விருந்துக்கு நான் எட்டு வருசம் பன்னி வளத்தேன். அந்த விருந்தாலதான் இன்னிக்கு ஊருல நான் ஒரு ஆளு. அத விடு, நான் மானங்கெட்டுச் சாகறேன். தங்கச்சி மக இசிதோராவ எதிர்க்குலத்துப் பையனுக்குப் பேசினது அந்த விருந்துல. சங்குப்பணம் கைமாறினது அந்தப் பன்னிக்கறி மேல. விருந்து பொய்யின்னா கல்யாணமும் பொய்யி. தின்ன கறிய எவன் கக்குவான்? வெட்டிக்குவானுங்க. அவளுக்கு ஒரு புள்ள வேற இருக்கு. பொட்டப்புள்ள.”

லெமேரிக்கு அடுத்ததைக் கேட்கப் பயமாயிருந்தது. கேட்டாள். “அதுக்கு என்ன பேரு?”

தராவ் குனிந்து படகுக்குள் கிடந்த தண்ணீரை மொண்டு ஊற்றினான். அவன் சொல்லத் தேவையில்லை. அவளுடைய பெயர் இப்போது அவளுடையதல்ல.

துறையில் படகு நிற்பதைப் பார்த்து லுட்கெரா சிஸ்டர் கைத்தடி ஊன்றி வந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

“என்ன முட்டாள்தனம்! இவ கண்ணு முன்னால நிக்கிறா. நான் அரசாங்க அதிகாரிகிட்ட சொல்றேன். போலீஸ் வரும். உன்னை உன் வீட்டுல கொண்டுபோய் விடும் பெர்பெத்துவா.”

“போலீஸ்தான் என்னை இங்க கொண்டாந்துச்சு சிஸ்டர்,” என்றாள் லெமேரி. “திரும்பவும் போலீஸோடயா போகச் சொல்றீங்க? என் மக வீட்ட ஒடைக்கவா?”

சிஸ்டர் மெல்லக் கேட்டார். “கூடைய யார் அனுப்பினாங்க?”

“நீங்கதான் அனுப்பினீங்க. இந்த ஆஸ்பத்திரிதான்.”

தராவ் தொண்டையைச் செருமினான். பேச்சு இன்னும் படகோடுதான்.

“ஒரு வழி இருக்கு படகே. நாதியத்த பொம்பள யாரையாச்சும் ஒரு வீட்டுல சேத்துக்கறது எங்க வழக்கத்துல உண்டு. இசிதோராவே ரொம்ப நாளா கேக்குறா, தீவிலேர்ந்து ஒருத்தரக் கூட்டிட்டு வரட்டுமான்னு. அப்படி ஒருத்தி வந்தா, கடலோரத்துல ஒரு குடிசை போட்டுத் தருவேன். புள்ளையப் பாத்துக்கலாம். அடுப்புல கிழங்கு சுடலாம். ஊருல அவள அடையாளம் தெரிஞ்ச கிழடுகள்லாம் போயாச்சு. மிச்சமிருக்கிறது நான் ஒருத்தன். ஆனா அவ யாருன்னு அவ சொல்லவே கூடாது. இசிதோராகிட்டயும். சாகறவரைக்கும்.”

மோட்டாரைக் கிளப்பினான். “யோசிக்கச் சொல்லு படகே. நெலா வளந்ததும் வர்றேன்,” என்று சொல்லிப் போய்விட்டான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. போகும்போது ஒரு வாழைத்தாரை மட்டும் துறையில் வைத்துவிட்டுப் போனான், கைதவறி விட்டதைப் போல.

லெமேரிக்கு ஆத்திரம் பொங்கியது. அண்ணன்மேல், சிஸ்டர்மேல், பன்றிக்கறி தின்றவர்கள்மேல், செத்துக் கிடக்கும் தெக்லாமேல்கூட. எங்கே போய்க் கொட்டுவது? போனால் மகளுக்கு முன்னால் வாயில்லாப் பூச்சி. போகாவிட்டால் டவுன் கொட்டகை. உண்மையைச் சொன்னால் மகளின் குடி கெடும். இருதலைக் கொள்ளி எறும்புக்காவது இரண்டு பக்கம்தான் நெருப்பு.

“என்கூட டவுனுக்கு வந்துரு,” என்றான் பொனிபாஸ். வாழைப்பழம் அவன் வாயில் இருந்தது. “செத்தவளுக்கு என்ன கவலை? கோயில் காணிக்கை உண்டா, கிறிஸ்துமஸ் செலவு உண்டா? நானெல்லாம் உசுரோட இருந்து என்னத்தக் கண்டேன்?”

“அவ கால மட்டும்தான் மாமா பாத்திருக்கேன். மொகத்தப் பாக்கல.”

பொனிபாஸ் மெல்லுவதை நிறுத்தினான். “அப்ப போ. பாத்துட்டாவது இரு. பேசாம இருக்க இந்த ஆஸ்பத்திரி நமக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கு.”

நிலா வளர்ந்தது. படகு வந்தது. தராவ் மோட்டாருக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முன்னாலிருந்து ஒருத்தி குதித்து இறங்கினாள். உயரம், அகன்ற தோள், சிரித்தால் ஈறு தெரிகிற வாய். இடுப்பில் ஒரு குழந்தை. லெமேரி அவள் பாதத்தைப் பார்த்தாள். பெரிய பாதம், வெடித்த குதிகால், சேறு அப்பியிருந்தது. அந்தச் சிவந்த பாதத்தை இதில் எங்கே தேடுவது?

“நீங்கதானா அத்தே அது? நான் இசிதோரா. அந்த மூட்டையக் குடுங்க.”

வேற்றுக் குலத்துப் பெண் என்பதால் அத்தை. சரியான முறைதான், குறை சொல்லமுடியாது.

லுட்கெரா சிஸ்டர் துறைவரை வந்திருந்தார். இசிதோரா அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். சிஸ்டர் அவள் முகத்தையே பார்த்தார். வாயெடுத்தார். எதையோ சொல்லப்போகிறார் என்று பயந்து லெமேரி தலையை ஆட்டினாள். சிஸ்டர் விழுங்கிக்கொண்டார். பிறகு, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, லெமேரியின் விரல் குறைந்த கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். தராவ் மோட்டாரைக் கிளப்பிய பிறகுதான் விட்டார்.

படகு மணல்திட்டைத் தாண்டியது. ஆஸ்பத்திரிக் கூரையும் கோயில் மணியும் சின்னதாகின. லெமேரி படகின் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். குழந்தை தன்மேல் பட்டுவிடக்கூடாதே என்று காலை மடக்கிக்கொண்டாள். பழக்கதோஷம். சட்டம் போனாலும் உடம்பு அதை மறக்கவில்லை. தராவின் முதுகு எதிரே சுவர்போல இருந்தது.

“ஏன் அத்தே அப்படிச் சுருண்டுகிட்டு? நல்லா நகந்து உக்காருங்க,” என்றாள் இசிதோரா. “என் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டேன், உங்களுக்குத் தனிச் சட்டியெல்லாம் கெடையாது. ஒரே சட்டிதான், ஒரே சோறுதான்.”

லெமேரி தலையசைத்தாள்.

“எங்கம்மா இங்கதான் செத்தாங்க. தெரியுமா? மாமா சொல்லியிருப்பாரு. என்னைப் பெத்ததும் பிரிச்சுட்டாங்களாம். அவங்களுக்கு ஒரு வாய்ச் சோறு நான் போட்டதில்ல. அதான், அங்கேர்ந்து யாராச்சும் ஒருத்தர நான் வச்சுக்குவேன்னு மாமாவ அரிச்சு எடுத்தேன்.” அவள் சற்றே குனிந்து லெமேரியின் முகத்தைப் பார்த்தாள். “அத்தே, நீங்க ரொம்ப வருசமா இருந்திருக்கீங்களே. எங்கம்மாவப் பாத்திருக்கீங்களா? எப்படி இருப்பாங்க?”

தராவின் முதுகு விறைத்தது. மோட்டார் ஒருகணம் இருமியது.

லெமேரி அந்த முதுகைப் பார்த்தாள். குலமாவது, கறியாவது! சாகிறவரைக்கும் என்றானே, எந்தச் சாவு வரைக்கும்? அவளைத்தான் ஏற்கெனவே சாகடித்தாயிற்றே. கேட்கிறது பெற்ற பிள்ளை. கேட்டதற்குப் பதில் சொல்லக்கூடாது என்று எந்த விருந்தில் தீர்மானித்தார்கள்? சொல்லிவிடுவது என்று நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

அதற்குள் குழந்தை முந்திக்கொண்டது. “உன் வெரலு எங்க? மீன் தின்னுருச்சா? ஏன் தின்னுச்சு? நீ பேயா?”

“லெமேரி!” என்று அதட்டினாள் இசிதோரா. “வாய மூடு!”

திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

குழந்தை மூடவில்லை. மீன் பெரிய மீனா, வலித்ததா என்று கேட்டுக்கொண்டே, கேட்காமல் கொள்ளாமல் அவள் மடியில் ஏறி உட்கார்ந்தது. மிச்சமிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்தது. இசிதோரா சிரித்தாள். தராவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு படகை லோமகுன் பக்கம் திருப்பினான்.